கழுத்து, முதுகு, மணிக்கட்டு வலி: உட்காருவது முதல் உறங்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதுகு முதன்முதலாகப் பிடித்துக்கொண்ட நாளில் நான் எந்தப் பாரத்தையும் தூக்கவில்லை. காலையில் எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன், தரையில் கிடந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். இடுப்பின் வலப்பக்கம் சுரீர் என்றது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே நின்றேன். இரண்டு நாள் கழித்து இயன்முறை மருத்துவரிடம் போனபோது பேனாவின் கதையை விரிவாகச் சொன்னேன். அவர் பேனாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்த ஒரு மாதமாக எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? நடுவில் எத்தனை முறை எழுந்தீர்கள்?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடப் போய்க் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், நாள் முழுக்க நிற்பவர்கள், வீட்டு வேலைகளைச் சுமப்பவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது ஒன்று உதவும். 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்பது மதிப்பீடு. 2050-இல் அது 84 கோடியைத் தாண்டிவிடும் என்கிறார்கள். இத்தனை பேரை வாட்டும் ஒன்றுக்கு, செலவே இல்லாமல் நாமே செய்துகொள்ளக்கூடியவை இவ்வளவு இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாமலே போவதுதான் எனக்கு ஆற்றாமை.

உடலுக்குள் நடப்பது என்ன

"கூன் போடாதே, நேராக உட்கார்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வலியே வராமல் காக்கும் 'சரியான நிலை' என்று ஒன்றை ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை. கூனி உட்காரும் பலருக்கு வலி இல்லை. விறைப்பாக நிமிர்ந்து உட்காரும் சிலருக்கோ மாலையானால் முதுகு கடுக்கிறது. தூக்கம், மனஅழுத்தம், புகைபிடித்தல், முன்பு பட்ட அடி ஆகியவற்றுக்கும் வலியில் பங்கு உண்டு. உட்காரும் விதத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது ஒன்று. அந்த நிலையில் உடலின் எந்த இடம் பாரம் சுமக்கிறது என்பது மற்றொன்று.

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்தை நம்பித்தான் அவை வாழ்கின்றன. பாரம் ஏறும்போது நீர் பிதுங்கி வெளியேறுகிறது, பாரம் இறங்கும்போது மீண்டும் உள்ளே ஊறுகிறது. அதனால்தான் காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஒன்றரை செ.மீ. அளவுக்குக் குட்டையாகிவிடுகிறோம், இரவு படுத்து எழுந்தால் இழந்த உயரம் திரும்பிவிடுகிறது. எழுந்தவுடன் டிஸ்குகள் நீர் நிறைந்து புடைத்திருக்கும், அந்த நேரத்தில் முழுதாகக் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். நாட்பட்ட முதுகுவலி உள்ளவர்களைக் காலையின் முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்கச் சொல்லி 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவர்களுடைய வலி குறைந்தது. என் பேனாவுக்கு ஏன் அவ்வளவு வலிமை வந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முள்ளெலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்களுக்கு வேறு ஒரு தொல்லை. முதுகை முழுதாக வளைத்து 20 நிமிடம் உட்கார்ந்தால் அவை மெல்ல இழுபட்டு நீள்கின்றன. எழுந்து நின்றதும் உடனே பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, அரை மணி நேரத்துக்குப் பிறகும் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கும். அந்தத் தளர்வோடு பாரம் தூக்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தசைகளின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் யோரான் ஹேக் 1991-இல் முன்வைத்த கருத்து இது: ஒரு தசை லேசாக இயங்கும்போதுகூட அதிலுள்ள சில சிறு இழைகள் எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்து, கடைசியாகத்தான் ஓய்வுக்குப் போகின்றன. கணினியின் சுட்டியை (மவுஸ்) பிடித்தபடி தோளை ஒரு விரற்கடை தூக்கி வைத்திருப்பது பெரிய உழைப்பாகவே நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தச் சிறு இழைகளுக்குக் காலை முதல் மாலை வரை விடுப்பே கிடையாது. வீட்டார் உறங்கிய பிறகும் வேலை பார்த்த அந்தக் கதைப் பெண்ணின் பெயரால் இதைச் 'சிண்ட்ரெல்லா கருதுகோள்' என்கிறார்கள். மாலையில் தோள்பட்டையில் கல் கட்டியதுபோல் இருக்கிறதே, "நான் கடினமாக ஒன்றுமே செய்யவில்லையே" என்று வியப்பவர்களுக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

படி 1: ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்

நாற்காலி வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒரு வேலைநாளில் ஒவ்வொரு மணி நேரமும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எப்படி இருந்தேன், எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தேன், எங்கே வலித்தது, வலி 10-க்கு எத்தனை. முடிந்தால் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், உங்களுக்குச் சொல்லாமல் பக்கவாட்டிலிருந்து இரண்டு மூன்று படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம்.

நான் எழுதியபோது தெரிந்தது, என்னை வதைத்தது வேலை நேரம் மட்டும் இல்லை என்பதுதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் சோபாவில் சரிந்து, மார்பின்மேல் கைப்பேசியை வைத்து, முகவாய் நெஞ்சில் முட்ட ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறேன். அலுவலக நாற்காலியை எவ்வளவு திருத்தினாலும் அந்த ஒன்றரை மணி நேரம் கெடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 2: நாற்காலியைக் கீழிருந்து மேலாகச் சரிசெய்யுங்கள்

பாதத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். நாற்காலி உயரமாக இருந்தால் பாதத்துக்கு அடியில் உறுதியான பெட்டியோ தடித்த புத்தகக் கட்டோ வைக்கலாம். தொங்கும் கால்கள் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி மரத்துப்போகச் செய்யும், இடுப்பையும் முன்னால் இழுத்துவிடும்.

அடுத்து தொடை. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இருக்கை நீளமாக இருந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் இது தீரும்.

இனி முதுகு. கீழ்முதுகில் உள்நோக்கிய ஒரு வளைவு இயல்பாகவே உண்டு. அந்த இடம் சாய்மானத்தில் படவில்லை என்றால் ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் உயரத்தில் வையுங்கள். பிறகு தயங்காமல் சாயுங்கள். விறைப்பாக 90 பாகையில் உட்காருவதே நல்லது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் டிஸ்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் கூடுதல் என்று கண்டார். ஜெர்மனியில் எடுத்து 1999-இல் வெளியான இன்னோர் அளவீட்டில் ஒரு தன்னார்வலரின் டிஸ்கில் உணர்கருவி பொருத்திப் பார்த்தார்கள். தளர்வாக உட்கார்ந்திருந்தபோது இருந்த அழுத்தம், நின்றபோது இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. பின்னால் சரிந்து சாய்ந்தபோது இன்னும் குறைந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் சாய்மானம் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது என்பதில் ஐயமில்லை. எனவே சாய்மானத்தைப் பூட்டி வைக்காதீர்கள். சற்று நேரம் சாய்ந்து, சற்று நேரம் நிமிர்ந்து, எப்போதாவது முன்னால் வந்து உட்காருங்கள்.

கடைசியாகக் கை. தோள்களைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். மேசைப் பரப்பு முழங்கை உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மேசை உயரம் என்றால் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், மேலே சொன்ன சிறு இழைகளுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

படி 3: திரையும் கழுத்தும்

இதைப் படித்துக்கொண்டே செய்து பாருங்கள். ஒரு கையின் விரல்களைப் பிடரியில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்புக்கு இரு பக்கமும் படும்படி வையுங்கள். தலையைத் தோள்களுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள், காதுகள் தோளுக்கு நேராக. விரலடியில் சதை மெத்தென்று இருக்கும். இப்போது பொடி எழுத்தைப் படிக்க முயல்வதுபோல் முகவாயை மெல்ல முன்னே நீட்டுங்கள். ஓர் அங்குலம் போவதற்குள் விரலடியில் இரண்டு கயிறுகள் விறைத்து எழுவதை உணர்வீர்கள். தலையை முன்னால் விழாமல் இழுத்துப் பிடிக்கும் தசைகள் அவை. அப்படியே இருந்துகொண்டு மூன்று முறை மூச்சு விட்டுப் பாருங்கள். நாளெல்லாம் அவை பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

நம் தலை சுமார் 5 கிலோ. கணினி மாதிரியைக் கொண்டு 2014-இல் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, தலையை 15 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை 12 கிலோ அளவுக்கும், 30 பாகையில் 18 கிலோ அளவுக்கும், 60 பாகையில் 27 கிலோ அளவுக்கும் உயர்கிறது. கழுத்தில் உண்மையாகவே 27 கிலோ தொங்குகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை, குனியவே கூடாது என்றும் பொருள் இல்லை. நெம்புகோலின் கணக்கு எந்தத் திசையில் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கையை நீட்டினால் விரல்நுனி தொடும் தொலைவு, அதாவது 50 முதல் 70 செ.மீ., பெரும்பாலோருக்குப் பொருந்தும். எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், தலையை நீட்டாதீர்கள். அடிப்பகுதியில் படிக்கும் வில்லை உள்ள கண்ணாடி அணிபவர்கள் மட்டும் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த வில்லை வழியாகப் பார்க்க நாள் முழுக்க முகத்தை அண்ணாந்துகொண்டிருப்பார்கள். இரண்டு திரை வைத்திருந்தால் அதிகம் பார்ப்பது நேர் எதிரே இருக்க வேண்டும்.

மடிக்கணினியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். திரையும் விசைப்பலகையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கண்ணுக்கு ஏற்றபடி வைத்தால் கைக்கு ஆகாது, கைக்கு ஏற்றபடி வைத்தால் கழுத்துக்கு ஆகாது. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் வேலை செய்பவர்கள் தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கிவிடுவது நல்லது. மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றி வையுங்கள். நாற்காலியை மாற்றுவதைவிட இது எனக்கு அதிகம் உதவியது.

படி 4: மணிக்கட்டும் விரல்களும்

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகள் அடித்தளமாகவும் ஒரு தடித்த நார் கூரையாகவும் அமைந்த குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது உள்ளே நெருக்கம் குறைவு. மேலோ கீழோ வளைத்தால் நெருக்கம் ஏறி நரம்பு நசுங்குகிறது. விசைப்பலகையின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கால்களை இன்றே மடக்கிவிடுங்கள். பலகையைச் சரித்து மணிக்கட்டைப் பின்னால் வளைக்கத்தான் அவை உதவுகின்றன.

சுட்டி விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தட்டச்சு செய்யாத நேரத்தில் கையை மடியில் இளைப்பாற விடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் நசுங்குவது இந்தச் சுரங்க நரம்பாக இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால் முழங்கையைப் பாருங்கள், மேசை விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டில் எதுவானாலும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு நீண்ட நாள் நசுங்கினால் பிடிவலிமை குறைந்துவிடும்.

கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். படிக்கும்போது மறுகையை முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக் கைப்பேசியை மார்பு உயரத்துக்குத் தூக்கினால் கழுத்துக்கு உடனே நிம்மதி.

படி 5: எழுந்திருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவேன் என்று சொன்னால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஓரிரு நிமிடம் நில்லுங்கள், நாலு எட்டு நடங்கள், இடுப்பில் கைவைத்துப் பின்னால் லேசாக வளையுங்கள். டிஸ்குக்குள் நீர் ஊற இடம் கிடைக்கும், நார்கள் இழுபட்டு நீள்வதற்குள் ஓய்வு பெறும், அந்தச் சிறு இழைகளுக்கு விடுப்புக் கிடைக்கும்.

1700-இலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸீனி எழுத்தர்களின் நோய்களுக்கு மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே திசையில் இடைவிடாமல் அசைப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மன இறுக்கம். இறகுப் பேனாவின் இடத்தில் விசைப்பலகை வந்திருக்கிறது, மற்றபடி அவர் பட்டியலில் திருத்த ஒன்றும் இல்லை.

கைப்பேசியில் மணி வைத்தால் இரண்டாம் நாளே அணைத்துவிடுவோம், நானும் அணைத்தேன். எனக்குக் கைகொடுத்தது சின்னக் குவளை. பெரிய தண்ணீர்ப் புட்டியை மேசையிலிருந்து அகற்றிவிட்டுக் குவளையில் குடிக்கத் தொடங்கியதும், நிரப்புவதற்காக எழுந்தே ஆக வேண்டியிருந்தது. தொலைபேசி அழைப்புகளை நின்று பேசுவதும் நல்ல வழி. உயர்த்தித் தாழ்த்தும் மேசை இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் நாள் முழுக்க நிற்பதற்காக அதை வாங்காதீர்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குக் கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் முதுகுவலியும் வருகின்றன.

படி 6: நின்று செய்யும் வேலையும் வீட்டு வேலையும்

நின்று வேலை செய்யும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பரப்பின் உயரம். எழுத்து, தையல் போன்ற நுண்ணிய வேலைக்கு முழங்கையைவிடச் சற்று உயரம், சாதாரண வேலைக்கு முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வு, அழுத்திச் செய்யும் கனமான வேலைக்கு இன்னும் தாழ்வு. சமையல் மேடை ஒரே உயரம்தானே என்பீர்கள். நறுக்கும் பலகைக்கு அடியில் இன்னொரு தடித்த பலகை வைத்தால் உயரமானவர்களுக்குக் குனிவு குறையும். குள்ளமானவர்கள் நழுவாத அகலமான மிதிபலகையில் நிற்கலாம். பாத்திரம் கழுவும் தொட்டி ஆழமாக இருந்தால் உள்ளே ஒரு சிறு தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக் கழுவுங்கள்.

நீண்ட நேரம் நிற்கும்போது 10 முதல் 15 செ.மீ. உயரப் பலகை ஒன்றில் ஒரு காலை ஊன்றி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து அதற்குள் ஒரு பாதத்தை வைத்தால்கூடப் போதும், கீழ்முதுகின் இறுக்கம் தளரும்.

பெருக்குவது, துடைப்பது போன்றவற்றுக்கு நீளமான பிடி வேண்டும். கையை எட்டிப் போடாமல் காலை நகர்த்திப் பக்கத்தில் போங்கள். இந்த வேலைகளை ஒரே மூச்சில் முடிப்பதுதான் திறமை என்று நினைக்காமல் பிரித்துச் செய்யுங்கள், நடுவில் நிமிர்ந்து செய்யும் வேலை ஒன்றை நுழைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வேலைநேரமும் இடைவேளையும் யாரும் வகுத்துத் தருவதில்லை, அதனால்தான் அது செய்பவர்களின் முதுகை இவ்வளவு சுலபமாகத் தேய்க்கிறது. சேர்ந்து வாழ்பவர்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் இந்த வழிகாட்டியில் ஒரு படிதான்.

படி 7: பாரம் தூக்குவது

தூக்கும் பொருளின் எடையையே எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு இணையாகத் தூரத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரம், எல்லாம் சாதகமாக இருக்கும்போது 23 கிலோவை வரம்பாக வைக்கிறது. பொருள் உடலிலிருந்து 25 செ.மீ. தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தச் சாதகங்களில் ஒன்று. அதே பொருள் 50 செ.மீ. தள்ளி இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. உடலை 90 பாகை திருகித் தூக்கினால் அதிலும் கால் பங்குக்கு மேல் கழிகிறது. தரையிலிருந்து தூக்கினாலும், அடிக்கடி தூக்கினாலும் இன்னும் குறையும்.

முன்னர் சொன்ன ஜெர்மன் அளவீட்டில் 20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது டிஸ்கில் இருந்த அழுத்தம் 1.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. முதுகை வளைத்துத் தரையிலிருந்து தூக்கியபோது 2.3. சும்மா நிற்கும்போது அது 0.5 மட்டுமே.

செய்முறை இதுதான். பொருளுக்கு நெருங்கிப் போங்கள், முடிந்தால் கால்களுக்கு நடுவே அதைக் கொண்டுவாருங்கள். முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்கி இறங்குங்கள். முதலில் லேசாக அசைத்து எடையைச் சோதியுங்கள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, திடுக்கென்று இழுக்காமல் சீராக எழுங்கள். திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள், இடுப்பைத் திருகாதீர்கள். ஒரு பெரிய வாளியைவிட இரு கையிலும் இரண்டு சிறிய வாளிகள் மேல்.

இன்னொன்று, நார்களைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். நீண்ட நேரம் வண்டி ஓட்டிவிட்டு இறங்கியதும் பெட்டிகளை இறக்குவதும், மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்ததும் மேசையை நகர்த்துவதும்தான் முதுகு பிடிக்க மிக ஏற்ற நேரங்கள். ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். குழந்தையைத் தூக்கும்போது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்பில் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் பக்கத்தை மாற்றுங்கள்.

படி 8: வண்டி, பை, படுக்கை

வண்டி இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்துங்கள், மிதிகளை அழுத்தும்போது முதுகு சாய்மானத்தை விட்டு விலகக்கூடாது. பின்பையிலுள்ள பணப்பையை எடுத்துவிட்டு உட்காருங்கள். தோள்பை கனமாக இருந்தால் இரு தோளிலும் மாட்டும் பைக்கு மாறுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலான இடத்தை நிரப்பும் உயரத்தில் தலையணை வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றும். மல்லாந்து படுப்பவர்களுக்குத் தாழ்வான தலையணை போதும், முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் கீழ்முதுகு தளரும். குப்புறப் படுத்தால் இரவெல்லாம் கழுத்தை ஒரு பக்கம் திருகியே வைத்திருக்க வேண்டும். காலையில் கழுத்துப் பிடிப்போடு எழுபவர்கள் இதை முதலில் மாற்றிப் பார்க்கலாம். எழும்போது ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். முதல் அரை மணி நேரமாவது தரையிலிருந்து எதையும் குனிந்து எடுக்க வேண்டாம்.

படி 9: சுமக்கும் உடலை வலுப்படுத்துங்கள்

ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த 701 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்ப) 208 நாட்கள் ஆயின, அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பதை எட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவசரமே வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

அதோடு மூன்று எளிய பயிற்சிகள். முகவாயைத் தாழ்த்தாமல் தலையைப் பின்னால் இழுத்து 5 விநாடி நிறுத்துவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கிப் பிடிப்பது. மல்லாந்து முழங்காலை மடக்கிக்கொண்டு இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் 10 முறை. சுரீரென்று வலித்தாலோ காலுக்கு வலி இறங்கினாலோ நிறுத்திவிடுங்கள்.

இடுப்புப் பட்டையை நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி இருக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

வலி வந்துவிட்டால்

முழுப் படுக்கை வேண்டாம். முதல் ஓரிரு நாள் வலியைத் தூண்டும் அசைவுகளைக் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குள் மெல்ல நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஸ்கேனில் "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயதினரிலேயே சுமார் 30 விழுக்காட்டினருக்கு அப்படி ஒரு பிதுக்கம் இருந்தது.

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய இடம் மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவை வந்தால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்ட பின் வரும் கடும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றுக்கும் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். இடது கை, தோள், தாடையில் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அதை உட்கார்ந்த முறையின் கோளாறு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாதீர்கள், இதயத்தைப் பார்க்க வேண்டும்.

மற்ற வலிகள் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போகும்போது முதல் நாள் எழுதிய அந்தத் தாளையும் பக்கவாட்டில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். எந்த வேலையில் வலி ஏறுகிறது, எதில் இறங்குகிறது, எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை அதைப் பார்த்துச் சொல்லுங்கள். "எத்தனை முறை எழுந்தீர்கள்?" என்று அவரும் கேட்பார்.